கேலிக்கு ஒரு முறை உண்டு

செய்தித்தாள் படிக்கும் வழக்கமுடையோர் அடிக்கடி சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘கேலிக்கூத்து’. தேர்தலில் முறைகேடு நிகழ்ந்தால் ‘மக்களாட்சி கேலிக்கூத்தாகிவிட்டது’ என்று தலைப்பிடுகின்றனர். வழக்கு விசாரணை தடம் புரண்டால் ‘நீதி கேலிக்கூத்தாயிற்று’ என்கின்றனர். பொறுப்பற்ற செயல், போலியான சடங்கு, மானக்கேடு ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுட்டும் வசைச்சொல்லாக இது இன்று நின்றுவிட்டது. ஆனால் நாடக நூல்களிலோ இதே சொல் ஒரு கலைவகையின் பெயர். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பதையே நோக்கமாகக் கொண்டு, சூழ்நிலைக் குழப்பங்களையும் மிகைப்படுத்திய மாந்தரையும் வைத்துப் பின்னப்படும் நகைச்சுவை நாடகத்தை அது குறிக்கிறது.

ஒரு கலையின் பெயர் எவ்வாறு ஒரு வசையாயிற்று? அந்த வீழ்ச்சியில் நாம் இழந்தது என்ன? இவ்விரு வினாக்களையும் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சொற்கள், இரு வீழ்ச்சிகள்

கேலிக்கூத்து என்பது இருமொழிச் சேர்க்கை. ‘கேலி’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கு அதற்கு விளையாட்டு, களியாட்டம் என்பனவே பொருள். இகழ்ச்சி என்ற கருத்து அதில் இல்லை. தமிழுக்கு வந்தபின் இச்சொல் இரு கிளையாகப் பிரிந்தது. ‘கேளி’ என்று ஒலித்த கிளை ‘கேளிக்கை’யாக வளர்ந்தது. திரையரங்குச் சீட்டில் வசூலிக்கப்படும் ‘கேளிக்கை வரி’யில் அதன் பழைய மகிழ்ச்சிப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘கேலி’ என்றே நின்ற கிளையோ மெல்ல மெல்லப் பிறரை நகையாடுதல் என்ற பொருளுக்குள் ஒடுங்கிற்று. உடன்பிறந்த இரு சொற்களில் ஒன்று மகிழ்ச்சியையும் மற்றொன்று இகழ்ச்சியையும் பங்கிட்டுக் கொண்டன எனலாம்.

‘கூத்து’ தூய தமிழ்ச் சொல். தில்லையில் ஆடும் இறைவனைக் கூத்தன் என்று போற்றிய மொழி நம்முடையது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் கூத்தைப் பலவகை இரட்டைகளாகப் பகுத்துக் காட்டுகையில் வசைக்கூத்து, புகழ்க்கூத்து என்னும் இரட்டையையும் குறிப்பிடுகிறார். ஆக, பிறர் குறையை எடுத்துக் காட்டி நகைக்கும் ஆட்டத்திற்கும் புகழ்பாடும் ஆட்டத்திற்கும் நம் முன்னோர் ஒரே வரிசையில் இடமளித்துள்ளனர். இன்றைய பேச்சு வழக்கிலோ ‘இது என்ன கூத்து?’ என்பது சலிப்பின் குரல். ‘கூத்தடிக்கிறான்’ என்பது கண்டனம். ‘கூத்தாடி’ என்பது ஏச்சு.

நகையூட்டும் மாந்தரைக் குறிக்கும் சொற்களும் இவ்வழியே சென்றன. ‘கோமாளம்’ என்றால் துள்ளி விளையாடும் களிப்பு. அக்களிப்பை உடையவன் கோமாளி. இன்று அது அறிவிலிக்குப் பட்டம். தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனை எண்ணுக. ‘கட்டியம்’ என்பது அரசனின் விருதுப் பெயர்களைச் சொல்லிப் புகழ்ந்து வரவுரைத்தல். அரசன் வருகையை அறிவிக்கும் அதே வாய்தான் கூத்தில் அரசனைக் கிண்டலும் செய்கிறது. புகழும் உரிமை பெற்றவனே நகையாடும் உரிமையும் பெற்றான் என்பது இப்பெயருக்குள் இருக்கும் நுட்பம்.

பூரணம் என்னும் உவமை

மேலை நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. கேலிக்கூத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் ‘ஃபார்ஸ்’. இது இலத்தீனில் ‘திணித்து நிரப்பு’ எனப் பொருள்படும் ‘ஃபார்ச்சீரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. கோழியின் வயிற்றில் மசாலை வைத்துத் தைப்பதற்கும் கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதற்கும் பொருந்தும் சமையலறைச் சொல் அது.

சமையலறையிலிருந்து இது முதலில் சென்ற இடம் நாடக மேடையன்று, ஆலயப் பீடம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இடைக்காலத்தில் ‘கீரியே எலெய்சோன்’ என்ற மன்றாட்டைப் பாடுகையில், ‘கீரியே’ என்பதற்கும் ‘எலெய்சோன்’ என்பதற்கும் நடுவே புதிய சொற்றொடர்களைச் செருகிப் பாடும் வழக்கம் எழுந்தது. திருமுக வாசகத்தின் இடையிடையே மக்கள் மொழியில் விளக்க அடிகளைச் சேர்ப்பதும் உண்டு. இச்செருகல்களையே ‘நிரப்பு’ என்று பொருள்படும் இப்பெயரால் அழைத்தனர். பிற்பாடு பிரான்சு நாட்டில் மறைநாடகங்களின் இடையே மக்களைச் சிரிக்க வைக்கச் சேர்த்த சிறு காட்சிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. நாளடைவில் நிரப்பு தனி உணவாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘பத்தெலேன்’ நாடகம் இவ்வகையில் புகழ் பெற்றது. வழக்கறிஞர் ஒருவர், எதைக் கேட்டாலும் ஆட்டைப்போலக் கத்தும்படி தம் கட்சிக்காரனாகிய இடையனுக்குச் சொல்லிக் கொடுத்து வழக்கில் வெல்கிறார். கூலி கேட்டபோது அவரிடமும் அவன் ஆட்டைப்போலவே கத்துகிறான்.

திரிதெந்தின் பொதுச்சங்கத்திற்குப் பின் 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூலில் பெரும்பாலான செருகல்கள் நீக்கப்பட்டன. வழிபாட்டின் தெளிவு கருதி அது செய்யப்பட்டது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் சொல்லின் வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. சிரிப்பு புனிதத்தின் பகையாகப் பிறக்கவில்லை. புனிதமான ஒன்றை எளிய மக்கள் உண்ணத்தக்கதாக்கும் பூரணமாகவே அது உள்ளே வைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு தொகுப்பில் உள்ள ‘இரண்டாம் இடையர் நாடகம்’ இதற்கு நல்ல சான்று. மாக் என்ற திருடன் ஓர் ஆட்டைக் களவாடி, அதைத் துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தி, தன் மனைவி பெற்ற குழந்தை என்று சாதிக்கிறான். குழந்தைக்குப் பரிசளிக்க விரும்பிய இடையர் துணியை விலக்குகையில் களவு வெளிப்படுகிறது. அவையோர் சிரித்து ஓய்ந்ததும் வானதூதர் தோன்றுகிறார். அதே இடையர் பெத்லகேமில் தீவனத் தொட்டியில் கிடத்திய மெய்யான குழந்தையைக் காணச் செல்கின்றனர். முன்னது இல்லாவிடில் பின்னதன் இனிமை பாதியாகக் குறைந்திருக்கும்.

தமிழ் இலக்கணம் கண்ட நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாக நகை பிறக்கும் என்பது அவர் கருத்து. இந்நான்கும் தன்னிடத்துத் தோன்றுதலும் பிறரிடத்துத் தோன்றுதலும் என இருபாற்படும் என்று பேராசிரியர் விரித்துரைப்பார். இவ்விரிவு மிகவும் கருதத்தக்கது. பிறர் அறியாமை கண்டு சிரிப்பது மட்டும் நகையன்று. தன் அறியாமை கண்டு தானே சிரிப்பதும் நகையே என இலக்கணம் இடம் ஒதுக்கியிருக்கிறது. இன்றைய ‘கேலிக்கூத்து’ என்ற சொல்லில் அந்த இரண்டாம் பாதி முற்றிலும் உதிர்ந்துவிட்டது. தன்னைப் பார்த்துச் சிரிக்கும் எவரும் அச்சொல்லைக் கையாள்வதில்லை. பிறரை நோக்கி எறியும் கல்லாகவே அது பயன்படுகிறது.

தன்மேல் சிரிக்கும் துணிவு நம் நாட்டு அரசர் ஒருவரிடம் இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி நகை நாடகத்தை இயற்றினார். கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, அதைத் திருடியதாகப் பௌத்தத் துறவி ஒருவர்மேல் பழி சுமத்துகிறான். தீர்ப்புச் சொல்ல வந்த பாசுபதர் குழப்பத்தை மிகுவிக்கிறார். இறுதியில், நாய் கவர்ந்து சென்ற ஓடு ஒரு பித்தன் கையிலிருந்து மீள்கிறது. பௌத்தர் மட்டும் இங்கு நகைப்புக்கு உள்ளாகவில்லை. காபாலிகமும் பாசுபதமும் சைவத்தின் கிளைகளே. கதை நடப்பது அரசரின் சொந்தத் தலைநகரில். தலைப்பில் இருப்பதோ ‘மத்தவிலாசன்’ என்னும் அவருடைய விருதுப் பெயரே. தம் வீட்டையும் சேர்த்துச் சிரித்தவர் அவர்.

கரிசல் மண்ணின் வழக்கு

நூல்களைவிட மக்களின் வாய்வழக்கே சொற்களை நன்கு காப்பாற்றும். இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென ஓர் அகராதியே தொகுத்தளித்தது இதனை உணர்ந்துதான். புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் ‘கேலி’ என்ற சொல் எங்கே புழங்குகிறது என்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும்.

இங்கே யாரும் யாரையும் கேலி பேசிவிட முடியாது. கேலி பேச முறை வேண்டும். மாமன், மச்சான், மதினி, கொழுந்தன், கொழுந்தியாள் ஆகியோர் கேலிக்கு உரிய முறைகாரர்கள். பருத்தி எடுக்கும் காட்டிலும், மிளகாய் காயும் களத்திலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும் இவர்களுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்டால் அயலூரார் முகம் சிவக்கும். ஆயினும் பேசியவர் மேல் எவரும் வருத்தம் கொள்ளார். ‘அவளுக்கு அவன் முறைதானே’ என்று பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அதே சொல்லை முறையற்ற ஒருவர் சொன்னால் அது வம்பு, பஞ்சாயத்துக்கு வரும். மாமன் மச்சான் முறையார் இருவர் கேலியை நிறுத்திக்கொண்டால், உறவில் ஏதோ விரிசல் என்று ஊர் அறிந்துகொள்ளும்.

ஆகவே மக்கள் வழக்கில் கேலி என்பது உறவின் அடையாளம். அகராதி தொலைத்துவிட்ட விளையாட்டுப் பொருளை இவ்வழக்கு காத்து வைத்திருக்கிறது. அதற்கு மேலும் ஓர் அளவுகோலையும் நமக்குத் தருகிறது: சிரிப்பவனுக்கும் சிரிக்கப்படுபவனுக்கும் இடையே முறை உண்டா?

இந்தப் பகுதியில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களிலும் இம்முறை பேணப்படுகிறது. தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடகங்கள் இன்றும் கோயில் கொடைகளில் ஆடப்படுகின்றன. இரவு நாடகத்தைத் தொடங்கி வைப்பவர் பபூன். இப்பெயர் ஆங்கிலம் வழியாக வந்தது. இதன் வேர் இத்தாலிய மொழியில் கன்னத்தை உப்பிக் காட்டும் செயலைக் குறிக்கும் சொல். ராஜபார்ட் வருமுன் பபூன் வந்து, எதிரே அமர்ந்திருப்போரை மாமா என்றும் மச்சான் என்றும் அழைத்து ஊராரோடு முறை கொண்டாடிக்கொள்வார். அதன்பின்னரே கேலி தொடங்கும். இலக்கணம் படிக்காத கலைஞர் கையாளும் இந்த உத்தி, முறையின்றிக் கேலியில்லை என்ற ஊர்ச்சட்டத்திற்கு அவர் செலுத்தும் மரியாதையாகும்.

ஆயினும் அவருக்கு ஊர் செலுத்தும் மரியாதை என்ன? இரவெல்லாம் சிரித்துவிட்டு விடிந்ததும் ‘கூத்தாடிப் பயல்’ என்கிறோம். பெண் கலைஞருக்கோ ஏச்சு இரு மடங்கு. இக்கலைஞரிடையே பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலர் சூசன் சீசர் 2005இல் வெளியிட்ட நூலில், அவர்கள் சுமக்கும் களங்கத்தையே தலைப்பாக்கினார். மேடையில் முறை கொண்டாடியவரை மேடைக்குக் கீழே உறவு தள்ளி வைப்பதில் நியாயம் இல்லை. சொல் இழிந்ததும் சொல்லுக்குரியவர் இழிந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாகும்.

பரமார்த்த குருவை மீண்டும் படித்தல்

இவ்வளவுகோலைக் கொண்டு, நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு நூலை மதிப்பிட்டுப் பார்க்கலாம். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, தம் பணியின் தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் உழைத்தவர் வீரமாமுனிவர். அவர் எழுதிய ‘பரமார்த்த குரு கதை’ தமிழ் உரைநடையின் முதல் பெரும் கேலிக்கூத்து எனத் தகும். புதிதாக வரும் மறைப்பணியாளர் பேச்சுத் தமிழ் பயில்வதற்கென எழுதப்பட்ட இக்கதையைப் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் இலண்டனில் அச்சிட்டார். ‘அவிவேக பூரண குரு கதை’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. நிரப்பு என்ற பொருளில் பிறந்த கலைக்கு, அவிவேகத்தால் நிரம்பியவர் தலைவராக வாய்த்தது நல்ல பொருத்தம்தான்.

சீடர் ஐவரின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். தொல்காப்பியம் நகைக்குக் கூறிய நான்கு களன்களில் பேதைமையும் மடனும் இங்கே ஆளாக நடமாடுகின்றன. தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணத்தை இயற்றிய ஆசிரியர் இதை அறியாமல் செய்திருக்க மாட்டார் என்றே கருதத் தோன்றுகிறது.

இந்நூல்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. மடத்தில் வாழும் குருவையும் சீடரையும் மூடராகக் காட்டுவதன் வாயிலாக, அயல்நாட்டுத் துறவி ஒருவர் இந்நாட்டுச் சமய மரபை இழிவுபடுத்தினார் என்பர் சிலர். இதை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரைக் கண்டித்து இவர் எழுதிய நூல்களின் கடுமையை அறிந்தோர், இவருடைய எழுதுகோலுக்குக் குத்தவும் தெரியும் என்பதை ஒப்புவர். அந்தக் கண்டன நூல்களில் முறை இல்லை. வழக்காடும் பகைமையே உண்டு.

பரமார்த்த குரு கதையோ வேறு வகை. அதன் மையமான ஒரு நிகழ்ச்சியை நோக்குக. குதிரைமேல் செல்லும் குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர் எவரும் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார் குரு. உடனே குதிரைச் சாணத்தையும் ஏந்தி எடுக்கின்றனர். குரு வெகுண்டு, எடுக்க வேண்டியவை இன்னின்ன என ஏட்டில் எழுதித் தருகிறார். பின்பு குருவே குழியில் விழுகிறார். சீடர் ஏட்டைப் பார்க்கின்றனர். அதில் குரு இல்லை. குழியில் கிடந்தபடியே தம்மையும் பட்டியலில் சேர்த்தெழுதிக் கொடுத்த பிறகுதான் அவரைத் தூக்குகின்றனர்.

மடம் என்னும் குணத்திற்கு உரை மரபு தரும் விளக்கம், கொடுத்ததை ஏற்றுக்கொண்டு ஏற்றதை விடாதிருத்தல். சீடரின் குற்றம் கீழ்ப்படியாமையன்று; எழுத்துக்கு மட்டும் கீழ்ப்படிந்தமை. இக்குற்றம் எந்த ஒரு சமயத்தின் தனியுரிமையுமன்று. குருவின் இடத்தில் நம் பங்குச் சுவாமியாரையும், சீடரின் இடத்தில் பங்குப் பேரவையையும் வைத்துப் பாருங்கள். கதை ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கும். வரிப் பாக்கி உள்ளவர் பெயர் பட்டியலில் இல்லை என்று சாவு வீட்டு வாசலில் நின்று ஏடு புரட்டும் ஊர்களைப் பற்றி நாம் கேள்விப்படாதவர்களல்லர். ஓய்வுநாளா, மனிதனா என்று கேட்ட ஆண்டவரின் வினாவை இந்தக் குழியருகே நின்று மீண்டும் கேட்கலாம்.

மேலும், இக்கதைக் கூறுகள் முனிவரின் கற்பனையில் மட்டும் பிறந்தவையல்ல. தன்னை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி ஆள் குறைகிறது என்று அழும் மூடர், தான் இருக்கும் கிளையை வெட்டுவோன் ஆகியோர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல மொழிகளில் உலவியவர்கள். பொதுவான நாட்டார் சிரிப்பைத் தமிழ்ப் பேச்சில் அமைத்துத் தந்ததே அவர் ஆற்றிய பணி. தமிழ் மக்களும் சமயம் பாராது அதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்தனர். அயலாராக வந்தவரை அக்கதையால் மக்கள் முறைகாரராக ஏற்றுக்கொண்டனர் என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம். என் மதிப்பீட்டில், குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருப்பினும் நூல் அதைத் தாங்கி நிற்கிறது. சிரிப்பு தன்மேலும் திரும்பக்கூடியதாக இருப்பதே அதற்குக் காரணம்.

முறை தவறிய கேலி

முறையில்லாத கேலி எத்தகையது என்பதற்கு விவிலியம் ஒரு கொடிய காட்சியைத் தருகிறது. போர்வீரர் ஆண்டவருக்குச் செந்நிற ஆடை உடுத்தி, முள்முடி சூட்டி, கையில் கோல் கொடுத்து, மண்டியிட்டு வாழ்த்துச் சொன்னார்கள். உடை, முடி, கோல், வசனம் அனைத்தும் அங்கே இருந்தன. சொல்லுக்குச் சொல் அது ஒரு கேலிக்கூத்துதான். ஆனால் சிரித்தவர் கையில் படைக்கலம் இருந்தது. சிரிக்கப்பட்டவர் கைகள் திருப்பிச் செயலாற்ற இடமற்றிருந்தன. திரும்பிச் சிரிக்க வழியில்லாதவரைப் பார்த்துச் சிரிப்பது கொடுமையே.

நம் திருவிழா மேடைகளும் இக்குற்றத்திலிருந்து முற்றிலும் நீங்கியவை அல்ல. கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்தில் தம் இனம் இழிவுபடுத்தப்படுவதாகக் குறவர் மக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். 2023இல் தமிழக அரசு அப்பெயரில் ஆட்டம் நடத்தலாகாதென ஆணையிட்டது. கலை வாழ வேண்டும் என்போர் இத்தீர்வில் வருந்தலாம். ஆயினும் ஊரார் அம்மக்களோடு மாமன் மச்சான் முறை கொண்டாடியதில்லை. பந்தியில் உடன் அமர்த்தியதில்லை. மேடையில் மட்டும் அவர்தம் பெயரால் சிரித்தனர். அங்கே முறை இல்லை. பபூனும் நடன மங்கையும் ஆடும் காட்சியில் பெண்ணைப் பற்றிய சொற்கள் வரம்பு கடக்கும்போதும் இதே அளவுகோல் பொருந்தும்.

இதற்கு எதிர்நிலையில் தொடக்கநூலின் சாரா நிற்கிறார். முதுமையில் மகன் பிறப்பான் என்று கேட்டு அவர் தமக்குள் நகைத்தது நம்பிக்கையின்மையால். மகன் பிறந்தபின் அவர் நகைத்தது மகிழ்ச்சியால். கேட்போரும் தம்மோடு சேர்ந்து நகைப்பர் என்றார். குழந்தைக்கு வாய்த்த பெயர் ஈசாக்கு. ‘அவன் நகைக்கிறான்’ என்பது அதன் பொருள். ஒரு குலத்தின் தந்தைக்கே சிரிப்பைப் பெயராக இட்ட மரபு நம்முடையது.

கேலிக்கூத்து என்ற சொல்லை இனி வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று எவரும் ஆணையிட முடியாது. மொழி தன் வழியே செல்லும். நம்மால் இயல்வன சில உண்டு. பங்குத் திருவிழாக்களில் நாடகம் இருந்த இரவை இன்று இன்னிசைக் கச்சேரியும் ஒலிபெருக்கியும் நிரப்புகின்றன. ஆண்டுக்கு ஓர் இரவாவது நாடகக் கலைஞரை அழைக்கலாம். அழைத்தவர்களுக்கு ஆட்டம் முடிந்து விடியற்காலையில் வாசல் திண்ணையில் அன்றி, உள்ளே பந்தியில் இலை போடலாம். பபூன் நம்மை மச்சான் என்று அழைக்கிறார். அந்த முறையை விடிந்த பிறகும் நாம் காப்பாற்றினால், கேலியும் கூத்தும் தம் பழைய பொருளுக்குச் சிறிதேனும் திரும்பும்.